காது கொடுத்தல்

லியபாயாவில் அன்று மைனஸ் பதினாறு.
டிராம் கொட்டகையில் பிரேக் கட்டை மாற்றிவிட்டு
கடற்கரைச் சாலையில் நடந்தபடியே அக்காவை அழைத்தேன்.
அப்பாவின் படகை விற்பதா, வைத்துக்கொள்வதா.
நான்கு நிமிடம். அறுந்தது.
மறுபடி. இரண்டு நிமிடம். அறுந்தது.
மூன்றாம் முறை அவள் எடுக்கவில்லை.
குறுஞ்செய்தி மட்டும்:
‘முகத்தில் அடித்தாற்போல் வைக்கிறாய், எட்வீன்ஸ்.
அப்பாவின் அதே புத்தி.’

நான் வைக்கவில்லை, ஔஸ்மா.
வைத்தது என் கன்னம்.

காதருகே போனதும் அணைய வேண்டிய திரை
அணையாமல் விழித்துக் கிடந்தது.
சிவப்புப் பொத்தான் இருக்குமிடத்தில்
நான்கு நாள் தாடி உரசியது.

என் ஃபோனில் ஓடுவது
யாருக்கும் தனிச்சொத்தல்லாத இயங்குதளம்.
பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்
இரவில் எழுதி, இரவில் திருத்துவது.
திட்டுவதற்கு வாடிக்கையாளர் சேவை எண் கிடையாது.
திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

மூன்று இரவு திறந்து பார்த்தேன்.
உணரி ஓர் எண்ணைச் சொல்கிறது.
எண்பதைத் தாண்டினால் காது,
தாண்டாவிட்டால் காற்று.
கதகதப்பான ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து
எண்பது என்று யாரோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.
பால்கனியில் நின்று அளந்தேன்.
என் காது: எழுபத்தொன்று.
குளிரில் நான் காற்று.

பதினோரு வரி எழுதினேன்.
அழைப்பு தொடங்கும்போதே
எதிரில் ஒன்றுமில்லாத நிலையை ஒருமுறை அளந்துகொள்,
அங்கிருந்து கணக்கிடு,
எண்பதை நம்பாதே.

அனுப்பிவிட்டு ஆறு நாள். ஒரு சத்தமும் இல்லை.
ஏழாம் நாள் பிரேசிலின் பெலேமிலிருந்து ஜன்டீரா:
‘இங்கே முப்பத்துநாலு டிகிரி.
உன் பிழை எனக்கு வரமாட்டேன் என்கிறது. பொறு.’
மறுநாள் எழுதினாள்.
ஃபோனை ஃப்ரீசரில் வைத்தாளாம், ஒரு மணி நேரம்,
அசாயிக் கூழ்ப் பொட்டலங்களுக்கு நடுவே.
எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டு
அடுத்த அறையிலிருந்த கணவனை அழைத்தாளாம்.
‘மூன்று முறை துண்டித்துவிட்டேன், கோபித்துக்கொண்டார்.
நீ சொன்னது சரி.
ஏழாம் வரியில் இடைவெளி தப்பு.
பிறகு, குறிப்பில் என்ன செய்தாய் என்று எழுதியிருக்கிறாய்.
அதை நிரலே சொல்லும்.
ஏன் என்று எழுது.’

ஏன்.
அக்கா நான் வைத்துவிட்டதாக நினைக்கிறாள், என்று எழுதினேன்.
அழித்தேன்.
படகு எனக்கும் வேண்டாம், அதைச் சொல்வதற்குள்
அழித்தேன்.
கடைசியில் இப்படி:
‘கடுங்குளிரில் ஃபோன் காதை அடையாளம் காண்பதில்லை.’

பிப்ரவரி பாதியில் சேர்த்துக்கொண்டார்கள்.
இத்தனை லட்சம் வரிகளுக்குள் பதினொன்று.
கடலில் கரைத்த பெருங்காயம்தான்;
கரைத்தவன் விரலில் மட்டும் கொஞ்சம் வாசனை.

புதிய பதிப்பு வந்து சேர்ந்த அன்று மைனஸ் பதினெட்டு.
கப்பலுக்காகத் துறைமுகப் பாலத்தைத் திருப்பியிருந்தார்கள்.
கரையில் நின்றபடி அழைத்தேன்.
எடுத்தாள்.
திரை சட்டென்று இருண்டது.
கன்னத்தில் கண்ணாடி வெறும் கண்ணாடி.
ஆறு நிமிடம்: படகு, அதன் இன்ஜின்,
ஆஸ்பத்திரிக்கு நான் வராத அந்த ஈஸ்டர்.
அறுந்தது.

அங்கேயே பதிவைத் திறந்தேன்.
காது. காது. காது.
கடைசி நொடிவரை காது.
துண்டித்தது மறுமுனை.

சரி.
இனிமேல் குளிர்மேல் பழி போட வழியில்லை;
அந்த ஓட்டையை அடைத்தவனே நான்தான்.
கப்பல் போயிற்று. பின்னால் நின்ற வண்டிக்காரர்
நகரச் சொல்லி ஹாரன் அடிக்கிறார்.
கையுறையைக் கழற்றி மறுபடி அழைக்கிறேன்.
மணி போகிறது.
அவள் எடுத்தால்
இந்த முறை நான் பேசப்போவதில்லை.