கட்டைப் பூனை

படிவத்தில் ஆறாவது கட்டம்:
உங்கள் ஊரில் இதை எப்படி அழைக்கிறீர்கள்?

எடைமேடைச் சன்னலுக்கு வெளியே சுரைடா,
பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள், முட்டிவரை சேறு.
கையில் ஒரு படம், இரவுக் கேமரா எடுத்தது.
எலியைக் கவ்விக்கொண்டு
எங்களையே பார்க்கிறது அது,
நாங்கள்தான் எதையோ திருடிவிட்டது போல.

லோரிகள் வர வர
குலைகளின் எடையைக் குறித்துக்கொண்டே
ஓட்டுநர்களிடம் காட்டினேன்.
"கட்டப் பூன" என்றார் அப்பலசாமி, யோசிக்காமல்.
"கட்டப் பூனதான், வேறென்ன" என்றான் பிரகலாதன்.
ஜாவாக்காரன் சுப்ரியாடி மட்டும் "குவுக்" என்றான்.
சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்,
வீட்டுச் செல்லப் பெயரைச் சபையில் உளறியவனாய்.

கட்டை என்றால்?
சுரைடா பேனா மூடியைக் கழற்றினாள்.

நான் கிராணி, எதற்கும் பதில் வைத்திருப்பவள்.
குட்டை என்றேன், கட்டை விரல் மாதிரி.
அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள்.
வீட்டுப் பூனையைவிட நெட்டைக் கால்கள்.
வாலோ உடம்பில் பாதி.

மதியச் சோற்றுக்குப் பிறகு அப்பலசாமி திரும்பி வந்தார்.
"மரக்கட்டம்மா. தீம்பார்ல வெட்டிப் போட்ட பழைய பனமேல
உக்காந்திருக்கும்."
பிரகலாதன் ஒத்துக்கொள்ளவில்லை.
"மூணாங்கட்டையில மொதல்ல பாத்தாங்க. அதான்."

மூணாவது மைல்கல் இருந்த இடம் மூணாங்கட்டை.
கல்லைச் சாலை அகலப்படுத்தியபோது பெயர்த்தார்கள்.
மைலையும் ஒருநாள் கிலோமீட்டர் ஆக்கினார்கள்.
பஸ் இன்னும் அங்கே நிற்கிறது.

சுரைடா எழுதுவதை நிறுத்தினாள்.
"மலாயில் இது கூச்சிங் பத்து."

பத்து, நம் ஒன்பதுக்கு அடுத்தது அல்ல;
மலாய்க்காரரின் கல்.
மைல்கல்லும் அதே பத்துதான்.
பத்து தீகா, மூணாங்கட்டை.

யாரோ ஒருவர்,
மலாய் இன்னும் நாக்கில் படியாத ஒருவர்,
தனக்குத் தெரிந்த ஒரே பத்தை எடுத்துப்
பூனைக்கு முன்னால் வைத்திருக்கிறார்.
பால்மரம் வெட்டியது ரெண்டாங்கட்டையில்,
கள்ளுக் குடித்தது நாலாங்கட்டையில்,
வேறு எந்தப் பத்து தெரியும் அவருக்கு?
தப்பு என்று சொல்ல ஆளில்லாமல்
அது பெயராகிவிட்டது.

சரி, நீங்கள் ஏன் கல் என்றீர்கள்?
சுரைடா தோளைக் குலுக்கினாள்.
பாறையில் படுக்கும் என்பாராம் அவள் மாமா.
முதுகில் கூழாங்கல் புள்ளி என்பாராம் மாமி.
இங்கே பாறைக்கு எங்கே போவது?
கணுக்காலைப் பிடித்து இழுக்கும் களிமண் இது.
அந்தப் பெயரும் எங்கிருந்தோ வந்து
இங்கே வேலைக்குச் சேர்ந்ததுதான் போல.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.
வெருகு: காட்டுப்பூனை. ஒருவகைக் கிழங்கும்.
வெருவுதலுக்குச் சொந்தமோ என்னவோ.
வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தேன்.
நல்ல சொல். பழைய சொல்.
இங்கே அப்படிக் கூப்பிட்டால்
பூனை மட்டுமல்ல, யாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆறாவது கட்டத்தில் கட்டைப் பூனை என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம், பொருள்.
அதை விட்டுவிட்டேன்.

பதினெட்டு நாள் கழித்து, விடியாத காலை,
பிரகலாதன் லோரியை நிறுத்தியிருந்தான்.
என் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில்
மண்வெட்டியோடு குனிந்திருந்தான்.
எலி ஒருபக்கம் கிடந்தது.
"கட்ட இன்னும் சூடா இருக்கு" என்றான்.

அந்தப் பொருளை
அவனும் சொல்லவில்லை அன்றைக்கு,
நானும் நினைக்கவில்லை.

எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங்.
குறுக்கே கிடக்கும் காடு என்று அர்த்தம்.
காட்டை நான் பார்த்ததில்லை.

சுரைடாவுக்குப் போன் போட்டேன்.
தூக்கக் குரலில் அவள் கேட்டது ஒன்றுதான்,
எந்த இடம்?
பத்து பெராப்பா?

தீகா, என்றேன்.