இடைவெளிக்கும் சம்பளம்

கொல்லம் தொளாயிரத்து இருபத்தாறு, பங்குனி.
உதயகிரிக் கோட்டை, படைக்கணக்கு.
எழுதுவது பூதலிங்கம்.

முன்பு படை எண்ணுவது எளிது.
மாடம்பி ஒருவன் வருவான், "என் ஆள் நூறு" என்பான்.
எண்ணினால் அறுபத்திரண்டு.
மிச்சம் முப்பத்தெட்டும் அவன் வாயில் இருக்கும்,
வாயில் இருக்கிறவர்களும் சோறு தின்பார்கள்.
வாள் அவனவன் வாள். பகை அவனவன் பகை.
கும்பப்பூக் கதிர் சாய்ந்துவிட்டால்
போரைப் பாதியில் விட்டு
வயலுக்கு அறுக்கப் போய்விடும் படை.

இப்போது ஆளுக்கொரு எண்.
மாதத்துக்கு இத்தனை சக்கரம்.
துப்பாக்கி அரண்மனையுடையது, மருந்து அரண்மனையுடையது,
பகையும்.
பொய்ப்பேர் எழுதும் கணக்கனுக்கு
விரல் போகும் என்று நீட்டு வந்திருக்கிறது.
எனக்குப் பத்தும் இருக்கின்றன.
இந்த வரியை எழுதும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஆதிச்சன். எண் நாற்பத்தேழு. ஊர் பொன்மனை.
களரியில் காற்றை இரண்டாய் வெட்டுவான் என்று பேர்.
நடக்கத்தான் தெரியவில்லை.
குளச்சல் மணலில் பிடிபட்டு
இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரச் சார்சன்
"இடது" என்றால் யோசிப்பான்;
யோசித்து முடிப்பதற்குள் வரிசை
வள்ளியாறு வரை போய்த் திரும்பிவிடும்.
கடைசியில் ஒரு காலில் ஓலை கட்டினார்கள்,
மறு காலில் சீலை.
ஓலைக்கால், சீலைக்கால், ஓலைக்கால், சீலைக்கால்.
ஓலை சரசரக்கும், சீலை பேசாது,
முன்னூறு பேரும் ஒரே மரவட்டையாய் ஊர்ந்தார்கள்.
புலியூர்க்குறிச்சி நாய்கள் மூன்று நாள் குரைத்தன.
நாலாம் நாள் அவற்றுக்கும் தாளம் பிடிபட்டது.

"பிள்ளைவாள், இத்தனை பேரும் ஒண்ணா நடந்தா
இதுல நான் எது?" என்று கேட்டான்.
"நாற்பத்தேழு" என்றேன்.
சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மாசி பதினேழு. புதுப் பீரங்கிக்கு முதல் வெடி.
பழைய மணி, ஓட்டை உருளி, உடைந்த குத்துவிளக்கு
எல்லாம் உருக்கி ஊற்றியது.
உள்ளே எங்கோ கடுகளவு காற்று.
எதிரியில்லாத வெளியைப் பார்த்து வெடிக்க வேண்டியது
பின்பக்கமாக வெடித்தது.
வேளிமலை அதை இரண்டு முறை சொல்லிக்காட்டியது.

வாளேந்திச் செத்திருந்தால் உதிரப்பட்டி,
பெண்டாட்டிக்கு வயல்.
புதுக்கணக்கில் போரில் செத்தவனுக்கு ஓர் இனம்,
ஓடிப்போனவனுக்கு ஓர் இனம்,
பேதியில் படுத்தவனுக்குக்கூட ஓர் இனம்.
நம் பீரங்கியே நம் ஆளைக் கொன்றால்
எதில் எழுத?
மேலே கேட்டு ஓலை அனுப்பினேன்.
பதில் வந்தது:
பீரங்கி வகையில் நட்டம் எவ்வளவு?

பொன்மனையிலிருந்து உம்மிணி வந்தாள்.
அழவில்லை. மாதச் சக்கரம் என்றைக்கு என்றாள்.
இவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை போலும்
என்று நினைத்தேன்.
சொல்லியிருந்தார்கள்.
"பேரு ஓலையில இருக்கா, அடிச்சாச்சா?"
எழுத்தாணி என் கையில் இருந்தது.
"இருக்கு" என்றேன்.

பங்குனி எண்ணிக்கைக்கு அதிகாரி வந்தார்.
நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு.
நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெயில்.
வரிசை நடந்தது, வெயிலும் நடந்தது,
திரும்பு என்றபோது திரும்பியது,
நில் என்றபோது நின்றது.
நெருங்கிக்கொள்ள எவனும் கால் எடுக்கவில்லை.
"இந்த வரிசை கொஞ்சம் நீளமோ?" என்றார் அதிகாரி.
"அளந்துதான் நிறுத்தியிருக்கு" என்றான் சார்சன்,
கடற்புரத்துத் தமிழில்,
என்னைப் பார்க்காமல்.

நாற்பத்தேழு: சம்பளம் முழுதும் பற்று.
பெற்றவர் குறி இருக்க வேண்டிய இடத்தில்
உம்மிணி ஒரு கீறல் போட்டாள்.
ஆதிச்சன் கீறல் மாதிரியே இல்லை, ரொம்ப நேராக இருந்தது.
வலப்பக்கம் கொஞ்சம் சாய்க்கணும் என்று
பழைய ஓலையை எடுத்துக் காட்டினேன்.
அடுத்த மாதத்துக்குள் பழகிவிடுவாள்.