மேசை எண் நாற்பத்தொன்று

விச்சிட்டா கண்காட்சிக் கூடத்தில்
கழிப்பறைக்குப் போகும் வழியில் கிடைத்தது மேசை.
எல்லோரும் ஒருமுறையாவது கடப்பார்கள்
என்றார் அமைப்பாளர்.
கடந்தார்கள்,
அவசரமாய்.

பதினொரு குட்டிகள்,
தயிர் டப்பா அளவில் பதினொரு டப்பாக்கள்.
சூடான ஆணியால் நானே மூடியில் இட்ட துளைகள்,
பக்கத்தில் என் கோணல் எழுத்து:
பொரித்த நாள், ஆணா பெண்ணா,
எத்தனை எலி தின்றது.

எதிர் மேசை கார்விக்கு
இருபது வருடப் பெயர், நீல விளக்கு,
அட்டை தேய்க்கும் இயந்திரம்.
என் நூற்றைம்பதைப் பார்த்துவிட்டு
தன் இருநூறை அழித்து
நூற்றிருபது என்று எழுதினார்.
அப்புறம் எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வந்தார்.
இரண்டையும் எந்தக் கணக்கில் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

பன்றிமூக்குப் பாம்புக்கு ஒரு வித்தை உண்டு.
பயந்தால் கழுத்தை விரித்து நாகமாகப் பார்க்கும்.
பலிக்காவிட்டால்
மல்லாந்து, வாய் பிளந்து,
நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துப்போகும்.
முதல் வாடிக்கையாளர் முன்னால்
ஏழாம் டப்பா செத்தது.
"நடிக்கிறது" என்றேன்.
விற்பவன் வேறென்ன சொல்வான்
என்கிற முகத்தோடு அவர் நகர்ந்தார்.
நிமிர்த்திப் போட்டேன்.
செத்ததை நிரூபிக்க
மறுபடி மல்லாந்தது.

மூன்று மணிக்கு ஒடெட் என்றொருத்தி,
மருத்துவமனைச் சலவைக்கூடச் சீருடையில்.
அவள் விலை கேட்கவில்லை.
"இதில் எது தின்னாதது?"

ஒன்பதாம் டப்பாவைக் காபிக் கோப்பைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.
பூஜ்யம் என்று எழுதக் கை வராமல்
மூடியில் வெறுமனே விட்ட இடம்.
பொய் நுனிவரை வந்தது.
அதற்கு வேண்டிய இரட்டை நாக்கு
டப்பாக்களுக்குள்தான் இருந்தது போலும்.
"இது," என்றேன். "ஆறு வாரமாய் ஒரு வாய்கூட இல்லை.
விற்க மாட்டேன்."
தலையாட்டினாள்.
அப்படியென்றால், என்று
செத்துக் கிடந்த ஏழை எடுத்தாள்.
எதிர் மேசை விலையைப் படித்துவிட்டுத்தான்
நூற்றைம்பதையும் எண்ணி வைத்தாள்.

வாடகை எழுபது, பெட்ரோல் முப்பது,
எலிக்கு முப்பத்தெட்டு.
பன்னிரண்டு டாலர் லாபத்தோடு வீடு வந்து
ஒரு டூனா டப்பா உடைத்தேன்.
மீன் எனக்கு. அதன் தண்ணீரை
எலிக்குஞ்சின் முதுகில் தடவி
ஒன்பதுக்குள் வைத்தேன்.

யாராவது பார்த்தால் தின்னாது.
விளக்கை அணைத்து
சமையலறைத் தரையில் மல்லாந்து
வாய் திறந்தபடி
அசையாமல் கிடக்கிறேன்.