நெடில்

என் பையில் காலுறைக்குள் திணித்த
இரண்டு டென்னிஸ் பந்துகள் உண்டு,
உதட்டுத் தைலம் உண்டு, அதிகம் கனிந்த வாழைப்பழம் உண்டு.
உள்ளங்கை அளவில் ஓர் ஒலிபெருக்கி:
அதில் மழை, அலை,
ஏழு மணி நேரம் முடியாத ஒரு வயலின்.
துலூத் நகரில் பதினோரு வருடமாகப்
பிள்ளைப்பேற்றுக்குத் துணை போகிறேன்.
என் பிழைப்பே சத்தம்.

மார்கிட்டுக்குக் காது கேட்காது.
படிவத்தில் எழுதியிருந்தாள், படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன்.
ஆனாலும் பழக்கதோஷம்,
போனதும் ஒலிபெருக்கியை எடுத்து
ஜன்னலோரம் வைத்தேன்.
அவள் அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
வலிக்கு நடுவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் கடைசி. ஏரியில் பனி
பாளம் பாளமாக உடைந்துகொண்டிருந்தது.
சக்கரம் வைத்த திரையில்
வேறெங்கோ ஊரில் உட்கார்ந்த மொழிபெயர்ப்பாளர்
எங்களுக்காக விரல் அசைத்தார்.
இணையம் அறுந்ததும்
வாய் திறந்தபடி உறைந்துபோனார்.
நர்ஸ் ரோண்டா அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்,
பாவம், பார்க்கச் சகிக்கவில்லை என்று.

லெய்ஃபுக்கும் கேட்காது.
வலி ஏறும்போது அவள் அவன் கைகளைப் பற்றினாள்.
பற்றிய நொடி
இருவர் பேச்சும் நின்றது.
நான்கு கைகளின் முடிச்சு,
ஒரு சொல் நுழைய இடமில்லை.

எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்:
தாடையைத் தளரவிடு.
மேல்வாசல் இறுகினால் கீழ்வாசலும் இறுகும்.
மெய்யெழுத்து வேண்டாம், அது கதவைச் சாத்தும்.
உயிரெழுத்து போதும், அதிலும் 'ஈ' ஆகாது,
பல்லைக் கடிக்க வைக்கும்.
அடிவயிற்றிலிருந்து ஓர் 'ஓ', அவ்வளவுதான்.
அன்றிரவு இதை
யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டேகால் மணிக்கு
முழங்காலும் கையும் ஊன்றி அவள் தவழும் நிலைக்கு வந்தாள்.
வேறெதுவும் தோன்றாமல் பின்னால் மண்டியிட்டு
முதுகின் அடியில், இடுப்பெலும்புகள் சேரும் தட்டையில்
என் தாடையைப் பதித்தேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.
மூச்சுத் தீரும்வரை ஓ என்றேன்.
தோல் அதை வாங்கி எலும்பிடம் கொடுத்தது.
எலும்பு யாரிடம் கொடுத்ததோ தெரியாது.

முடிச்சு அவிழ்ந்தது.
அவள் கைகள் வெளியே வந்து
விரல்நுனிகளைக் குவித்து
ஒன்றோடொன்று தட்டின.
எனக்குத் தெரிந்த மூன்றே சைகைகள்:
தண்ணீர், வலி, இன்னும்.
இது மூன்றாவது.

நான்கு மணிக்கு என் தொண்டை கிழிந்தது.
அப்போது லெய்ஃப்
அவள் தோளில் தன் கழுத்தைச் சாய்த்து
வாய் திறந்தான்.
சுருதி கிடையாது, கரை கிடையாது, அப்படி ஒரு குரல்.
நடைவழியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.
ஒன்பது வயதில் வகுப்பே சிரித்த நாளில்
பூட்டி வைத்ததாம் அது.
பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினான்.

விடியும் நேரம் தூக்குப் பாலத்தடியில்
இந்த வருடத்தின் முதல் தாதுக் கப்பல் வந்தது.
ஒரு நெடில், இரண்டு குறில்.
கண்ணாடி அதிர்ந்தது, கட்டிலின் இரும்பு அதிர்ந்தது,
மார்கிட் தலை நிமிர்ந்தாள்.
அவளுடைய நெடில் அதன் பிறகுதான் வந்தது.
அதை எழுத எந்த எழுத்தும் இல்லை.

பிள்ளையை அவள் நெஞ்சில் கிடத்தினோம்.
அழுகிறதா என்று லெய்ஃப் என்னிடம் கண்ணால் கேட்டான்.
நான் தலையசைக்கும் முன்பே
மார்கிட் தலையசைத்தாள்.
நெஞ்செலும்புக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்தபோது காரின் கண்ணாடியில்
அபராதச் சீட்டு.
காபிக் கடையில் வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.
பால் போதுமா என்றான் பையன்.
விரல்நுனிகளைக் குவித்துத் தட்டினேன்.
ஒரு நிமிடம் யோசித்துவிட்டு
இன்னொரு மூடி கொடுத்தான்.