பதினெட்டுப் பாகை

ஸ்ரான்லி வீதிக் கடைக்கு வாற பிரிஜ் எல்லாம்
ஒரே முறைப்பாட்டோடதான் வரும்: குளிருதில்லை.
டெலஸ்போர் ஒருத்தன்தான் வந்து சொன்னான்,
"இது கனக்கக் குளிருது.
பதினெட்டுக்குக் கீழ ஒரு பாகையும் இறங்கப்படாது."

மீன் வைக்கவோ எண்டன்.
"ஈஸ்ட் வைக்க. பிரவுண் ஏல் போடுறன்.
வெளியில முப்பத்திரண்டில விட்டா அதுக்கு விசர் பிடிச்சு
வாழைப்பழ மணம் எழுப்பும்.
பதினெட்டில, வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும்."
என்ர கடைப் பொடியன் நிமிர்ந்து பார்த்தான்.

தெர்மோஸ்ரற்றைக் கழற்றி, வேறொண்டு பூட்டி,
வயரை ரேப்பால் சுத்திக் குடுத்தன்.
ஆறு கிழமையால கூலி வந்தது:
பாதி காசு, பாதி போத்தல். ரெண்டு.
லேபல் இல்லை. "ஐஸில வைக்காதை" எண்டு
சொல்லித்தான் தந்தவன்.

நான் பிரிஜ் திருத்திறவன். வைச்சன்.
இரவு ஊத்திக் குடிச்சா
வெறுந்தேத்தண்ணி நிறத்தில ஒரு குளிர்.
வேற ஒண்டுமில்லை.
இதுக்கோ ஆறு கிழமை எண்டு கிளாஸை மேசையில் தள்ளி வைச்சன்.

எட்டரைக்குக் கறண்ட் போச்சு.
பிரிஜ் ஒருக்கா விக்கி அடங்கினது.
மெழுகுதிரி கொளுத்தி, பில் புத்தகத்தைத் தேடி,
பேந்து நினைவு வந்து கிளாஸை எடுத்தன்.
வேர்த்து முடிஞ்சு வெளிப்பக்கம் காய்ஞ்சிருந்தது.
திரிக்கு முன்னால பிடிக்க
கறுப்பெண்டு நினைச்சது விளிம்பில சிவப்பு.

மூக்குக்கு முதல் வந்தது றோஸ் பாணின்ர கரை.
பிறகு மணலில வறுத்த கச்சான், கோதோட.
நாக்கில பனங்கட்டி வருது வருது எண்டு காட்டி
முழுசா வராமல், காய்ஞ்சு, விலகிப் போச்சு.
கசப்பு இருந்தது;
வெந்தயம் ரெண்டு கூட விழுந்த குழம்பில இருக்கிறளவு,
இனிப்பைத் துடைக்க மட்டும்.
கோப்பி மாதிரிக் கருகேல்லை. அது வேற பியராம்.
இதுக்கு அவ்வளவு கோபம் இல்லை.

போன் அடிச்சுச் சொன்னன்.
"கிணத்துத் தண்ணிதான் காரணம்," எண்டான்,
"உன்ர கேத்தில் அடியில படியிற அந்த வெள்ளைச் சுண்ணாம்பு."
பத்து வருசமா அதைச் சுரண்டிக் கொண்டிருக்கிறன்.

மிருணாளினி ஒரு வாய் குடிச்சாள். யோசிச்சாள்.
"இதில வெறி எங்கை?"
நாலரை வீதம் எண்டன், தேடிப் பார்.
அவள் தேடத் தொடங்கினாள்.

கறண்ட் வந்தது. பிரிஜ் உறுமினது.
மற்றப் போத்தலை அதுக்குள்ளால எடுத்து
சீமெந்து நிலத்தில வைச்சன்,
கடைப் பொடியனுக்குச் சொல்லக் கூடாது.