பதினேழாவது வளைவு

அலாரம் மூன்று ஐம்பதுக்கு.
கோரிமேட்டுத் தெருவிளக்கில்
கொசுவலை போலத் தொங்குகிறது பனி.
அடிவாரச் செக்போஸ்ட் ஓரம் ஸ்கூட்டியைப் பூட்டி,
சால்வையை சீட்டுக்கடியில் திணித்து,
முடியை அள்ளி முறுக்குகிறேன்.
பல்லிடுக்கில் ஒன்று, விரலிடுக்கில் இரண்டு.
கொண்டை ஊசி எனக்கு மூன்று,
இந்தச் சாலைக்கு இருபது.

பகலில் நான் மின்வாரியக் கணக்கீடு.
கன்னங்குறிச்சி நாய்களில் பாதிக்கு என் நடை தெரியும்.
மீதிப் பாதியால்தான் ஓடவே கற்றேன்.
பதினோரு வருடம் பிறர் வீட்டுச் சுவரில்
ஓடிய எண்ணைக் குறித்துக் கொடுத்த கால்கள்
மார்கழி பிறந்ததிலிருந்து
தமக்கென்று ஓர் எண் கேட்கின்றன:
நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று ஒன்பது ஐந்து.
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை
யாரும் தள்ளுபடி செய்யமாட்டார்களாம்.

எஸ்தர் சகாயராணிதான் இதில் இழுத்துவிட்டவள்.
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்த கண்ணோடு
ஞாயிறுதோறும் பக்கத்தில் ஓடியவள்.
இடது முட்டி வீங்கி மூன்று வாரமாக வரவில்லை,
வாய்ஸ் மெசேஜ் மட்டும் வருகிறது:
"பேச முடியுற வேகத்துல ஏறு.
பேச்சு அறுந்தா அது உன் வேகமில்ல."
அவள் தம்பி எட்மண்டனில் ஓடுகிறான்,
முழங்கால் ஆழ வெண்பனியில், ஆணி பதித்த ஷூவில்.
ஏற்காட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டானாம்,
இதுக்குப் பேரும் பனியா என்று.
பேர் அதேதான் தம்பி.
உனக்குக் காலுக்குக் கீழே,
எங்களுக்குக் கண்ணுக்கு முன்னே.

பேசச் சொன்னாள். யாரோடு?
இரண்டாவது வளைவு தாண்டியதும்
வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே ஏறுகிறேன்.
மாடி வீடு, மும்முனை, நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
மாவு மில், போன தடவை பாக்கி.
பச்சை கேட், மீட்டர் மேல் குளவிக்கூடு.
எட்டாவது வளைவுவரை முழு வாக்கியம்.
பதினொன்றில் எண்கள் மட்டும்.
பதினான்கில் யூ... யூ... னிட்.
திரும்பிப் பார்த்தால் கீழே
மொத்தமாக மின்தடை ஆனதுபோல் சேலமே இல்லை.

பதினேழு.
தலைவிளக்கின் வெளிச்சம் நாலு முழத்தில் நின்றுவிட,
அதன் விளிம்பில் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை.
முழங்கால்வரை இழுத்துவிட்டது, புதுசு.
எனக்கு முன்பே ஒருத்தர்!
வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேகம் கூட்டினேன்.
எஸ்தரை மறந்தேன், பேச்சை விட்டேன்.
இதோ முந்திவிட்டேன் என்ற நொடியில்
காலுறைகள் நான்கு.
அவற்றின் மேல், மெல்ல மெல்ல,
இருட்டைவிடக் கறுப்பாய் ஒரு காட்டெருமை.

அது மூச்சு விட்டது. நானும்.
இரண்டு ஆவியும் நடுவில் எங்கோ கலந்தன.
முதுகு வியர்வை சொட்டுச் சொட்டாய்க் குளிர்ந்து இறங்க,
மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்து கேட்டது:
பயிற்சி முடிந்ததா?
விரலை அசைக்கவில்லை.
சில்வர் ஓக் இலையிலிருந்து பனி சொட்டுவதை
எண்ணப் பார்த்தேன். வரவில்லை,
எண்ணி எண்ணியே சோறு தின்கிற எனக்கு.

கீழ் வளைவில் முதல் பஸ் ஹாரன் அடித்ததும்
இவ்வளவுதானே என்பதுபோல் அது திரும்பி
காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போனது.
பழுத்த சிவப்பு நாலைந்து தாரில் உருண்டது.

ஒண்டிக்கடையில்
கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து
விரல்கள் என்னிடம் திரும்பிவரக் காத்திருந்தேன்.
பிறகு நோட்டில் தேதி, தூரம்.
பதினேழாம் வளைவுக்கு எதிரே பத்தொன்பது நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பூட்டிய வீட்டுக்கு எழுதுவதையே எழுதினேன்:
டோர் லாக்.

படமெடுத்து எஸ்தருக்கு அனுப்பினால்
"மறுபடி ரீடிங் எப்ப?" என்கிறாள்.
அடுத்த ஞாயிறு.
கொண்டையைத் தொட்டுப் பார்க்கிறேன்,
ஊசி ஒன்று குறைகிறது.
எந்த வளைவில் என்று தெரியவில்லை.