பெண்: அறியப்படவில்லை

நீளம் இரண்டு தசம் மூன்று மில்லிமீற்றர்.
தலை நெஞ்சை விடக் கொஞ்சம் அகலம். கண் சிறிது.
நிறம் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.
மழை விட்ட மறுநாள்
வீரைமரச் சருகைப் புரட்டினால்
அடிப்பக்கம் இருக்குமே, அந்த நிறம்.
அப்படி எழுத விடமாட்டார்கள்.
செங்கபிலம், வயிற்று நுனி வெளிறியது
என்று எழுதினேன்.

வந்தாறுமூலையில் நாலு மணிக்குக் கரண்ட் போகும்.
நுணுக்குக்காட்டியின் விளக்கு அணைந்தால்
வண்டு இல்லை,
அட்டை நுனியில் ஒரு புள்ளிதான்.
இருமினால் பறந்துவிடும்.
மூன்று வருடமாக
அந்த மேசையில் நான் இருமியதில்லை.

குடும்பிமலைக்குப் போகிற வழி,
ஓடை இடப்பக்கம் திரும்பும் இடத்தில்
அரிதட்டும் சீமெந்துப் பைகளுமாக இறங்கினேன்.
உழவு மெசினில் ஏற்றிவந்த சீனித்தம்பி கேட்டார்:
"குப்பை அள்ளவா புள்ள
இவ்வளவு தூரம் வந்தநீங்க?"
ஓம் என்றேன்.
ஏழு பை குப்பை.

புனலில் சருகைக் கொட்டி
மேலே அறுபது வாட் குமிழ் எரியவிட வேண்டும்.
வெக்கைக்குப் பயந்து
எல்லாம் கீழே கீழே இறங்கும்,
ஈரம் இருக்கும் என்று நம்பி.
கீழே இருப்பது மதுசாரம்.
உம்மாவுக்கு நான் சொல்லாத பகுதி இது.

பூரான் குஞ்சு, பொய்த்தேள், நூறு எறும்பு,
நடுவில் இவன் ஒருத்தன்.
மற்ற வண்டுகள் முதுகை முழுக்க மூடிக்கொள்ளும்.
இவனுக்குச் சட்டை பாதியில் நின்றுவிட்டது,
வயிறு முழுக்க வெளியில்.
அந்தக் குட்டைச் சட்டைக்குள்
உடம்பளவு நீளச் சிறகை
எத்தனை மடிப்பில் வைத்திருந்தான் என்று
ஊசி முனையால் பிரித்துப் பார்த்தேன்.
திரும்ப மடிக்க எனக்குத் தெரியவில்லை.

வயிற்றுக்குள் ஒரு கொக்கி உண்டு.
அதன் வளைவை வைத்துத்தான்
இன்ன இனம் என்று சொல்லலாம்.
பதினாறு தரம் வரைந்தேன்.
தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா எட்டிப் பார்த்து
"தூண்டில் முள்ளா?" என்றா.
ஓம் உம்மா, தூண்டில் முள்.

வியன்னாவில் இருந்து கடிதம் வந்தது:
உங்கள் வண்டு எங்கள் பெட்டிகளில் இல்லை, வாழ்த்துகள்.
புதிய இனம் என்றால் அவ்வளவுதான்.
யாருடைய பெட்டியிலும் இல்லை.
மடித்து வைத்தவன் என்று லத்தீனில் பெயரிட்டேன்.

அடுத்த தலைப்பு, பெண்.
மற்றவர்கள் அதன் கீழே
ஐந்தாறு வரி எழுதுவார்கள்,
ஆணைப் போன்றதே, ஆனால் என்று தொடங்கி.
எனக்கு அந்த ஆனால்கூட இல்லை.
அறியப்படவில்லை என்று தட்டினேன்.
போன கிழமை ஏறாவூரில் ஒரு கலியாண வீட்டில்
மகள் என்ன செய்றா என்று யாரோ கேட்க
உம்மா சொன்னா, "கம்பஸ்ல ஏதோ."

கார்த்திகையில் திரும்பப் போனேன்.
கச்சான் உதிர்த்ததெல்லாம்
முதல் மழையில் ஊறிக் கிடக்கும் காலம்.
ஓடை இருந்தது.
வீரை ஒன்றுகூட இல்லை.
வரிவரியாகச் சோளன், கணுக்கால் உயரத்தில்.
வரம்பில் நின்று கையசைத்தவர் சீனித்தம்பி.
"குப்பையெல்லாம் கூட்டிப் பத்தவச்சிட்டன் புள்ள,
உங்களுக்குத் தேவைப்படுமெண்டு தெரியாமப் போச்சு.
தை முடிய வாங்க, பொத்தி முறிச்சித் தாறன்."
அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம்.
என்ன சொல்வது என்று தெரியாமல்
சோளனடியில் ஒருதரம் அரிதட்டை ஆட்டினேன்.
எறும்பு.

கிடைத்த இடம் என்ற வரியில்
ஆறு தசமதானம் வரைக்கும் எண்கள் இருக்கின்றன.
எண்களில் பிழை இல்லை.

அன்றிரவு ஒரு சொல் சேர்த்தேன்.
பெண்: இதுவரை அறியப்படவில்லை.
மீளாய்வாளர் வெட்டி அனுப்பினார்,
தேவையற்ற சொல் என்று.
எழும்பி விறாந்தைக்குப் போய்
நன்றாக இருமிவிட்டு வந்து
திரும்பவும் போட்டேன்.